இடது பக்க வயலின்

13 ஆகஸ்ட் 2007, திங்கள்

பார்சல் கல்லூரிக்கே வந்துவிட்டது. பிரித்தால் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு மெத்தை, மெத்தையில் வெள்ளையாக ஒரு சதுரம். கிரீம் பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்குள் இரண்டாயிரம் பாட்டு அடங்குமாம். பெயர் லூமோ.

'மின்னுலா' அக்டோபர் இதழுக்கு எட்டுப் பக்கம் கேட்டிருக்கிறார் ஆசிரியர் ராமபத்திரன். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பாட்டுப் பெட்டிகளில் இப்போது ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பவை இரண்டு: லூமோ, காரவெல். பெட்டிகளுக்கு மட்டுமல்ல, அவை இணையத்தில் நடத்தும் பாட்டுக் கடைகளுக்கும் போட்டி. லூமோவோடு நான் இரண்டு வாரம் குடித்தனம் நடத்த வேண்டும். காரவெலோடு மின்னுலாவின் மெக்கானிக் பையன் பிரிட்டோ. பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை ஒருவர் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. செப்டம்பர் 14க்குள் கட்டுரை.

"பேட்டரி, மென்பொருள் எல்லாம் பிரிட்டோ பாத்துக்கட்டும், டீச்சரம்மா. சத்தம் எப்பிடீன்னு நீங்க சொன்னாத்தான் நம்ம வாசகருங்க நம்புவாங்க" என்றார் போனில்.

உண்மைதான். நாட்குறிப்பில் அடக்கமாக இருந்து யாருக்கு என்ன பயன்? பத்தொன்பது வருடமாகப் பெண்கள் பாலிடெக்னிக்கில் இயற்பியல் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்பது வருடமாக மின்னுலாவில் 'காது கொடுத்துக் கேட்டேன்' என்ற பத்தி எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள், கலாமணி டீச்சர் என்ன சொன்னாங்க என்று விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

வீட்டில் சாப்பிடும்போது அவர் ஏதோ சொன்னார். வழக்கம்போல வாய்க்குள்ளேயே. என் வீட்டுக்காரர் குழந்தைவேலு கிளை நூலகத்தில் நூலகர். இருபத்திரண்டு வருடம் கிசுகிசுத்தே சம்பளம் வாங்கியவர். வீட்டிலும் அதே சுருதி.

14 ஆகஸ்ட், செவ்வாய்

லூமோவின் இணையக் கடைக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் நாட்டில் கடை இன்னும் திறக்கவில்லை, வருந்துகிறோம் என்று ஒரு பலகை.

நியூ ஜெர்ஸியில் இருக்கும் தம்பி தனபாலனைப் பிடித்தேன். அவன் பெயரில் கணக்கு, அவன் கார்டு, என் காது.

"அக்கா, நீ வாங்கறதெல்லாம் என்ற பேர்லதான் பதிவாகும். பாத்து வாங்கு. நான் ஜாஸ் கேக்கற ஆளுன்னு ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்கறேன்."

தமிழ் என்று தேடினால் பதினேழே பதினேழு. எல்லாவற்றையும் 'உலக இசை' என்ற ஒரே கோணிப்பைக்குள் திணித்திருக்கிறார்கள். 'ஆழ்ந்த உறக்கத்துக்கு' என்ற அலமாரியில் தவில் தனி ஆவர்த்தனம் ஒன்று இருக்கிறது. யாருடைய உறக்கத்துக்கு என்று தெரியவில்லை.

16 ஆகஸ்ட், வியாழன்

கடையில் ஒரு புதையல் கிடைத்தது. கல்யாணமான புதிதில் கேசட் தேயத் தேயக் கேட்ட வீணை-வயலின் கச்சேரி. ஸ்டீரியோ வந்த புதிதில் பதிவானது. வீணையை முழுக்க வலது பக்கமும் வயலினை முழுக்க இடது பக்கமும் வைத்திருப்பார்கள். நடுவில் நாம். ஒவ்வொரு வில்லிழுப்பும் எனக்கு மனப்பாடம்.

வாங்கினேன். இறக்கினேன். காதில் மாட்டினேன். வீணை கணீரென்று வந்தது. வயலின் வரவில்லை. ஒலியைக் கூட்டினால் யாரோ மூன்றாவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதுபோல் ஒரு இழை. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி.

பாதிக் கச்சேரியை முழு விலைக்கு விற்கிறார்கள்! கடைக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். கையெழுத்து தனபாலன் என்றுதான் போட வேண்டியிருந்தது.

19 ஆகஸ்ட், ஞாயிறு

கைப்பேசி அடித்தது. சமையலறையில் தேடினேன், ஹாலில் தேடினேன், பீரோவைத் திறந்து பார்த்தேன். அவர் வந்து என் தோளில் தொங்கிய கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இந்தப் புது மாடல்களில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரிவதில்லை. இதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும்.

தெருநாய்கள் குரைத்துத் தூங்கவே முடியவில்லை என்று காலையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். நான் வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தவள் விடிந்துதான் எழுந்தேன். இந்த ஒரு வருடமாக எனக்கு என்ன அருமையான தூக்கம்!

21 ஆகஸ்ட், செவ்வாய்

கடையிலிருந்து பதில். தனபாலன் அப்படியே அனுப்பியிருக்கிறான். "அன்புள்ள தனபாலன், உங்கள் பாட்டை எங்கள் ஆட்கள் மூன்று பேர் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாத்தியங்களும் நன்றாகக் கேட்கின்றன. ஆனாலும் உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஒரு பாட்டு இலவசம்." இலவசப் பாட்டு ஹவாய் கிட்டார். கெஸ்டர் என்று ஒரு பையன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

மூன்று பேராம். மூவரும் வயலினைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

24 ஆகஸ்ட், வெள்ளி

முதலாமாண்டு லேப். ஒரு பெண்ணுக்கு மீட்டரில் முள் அசையவில்லை. மீட்டர் கெட்டுப்போச்சு மேடம், வேற கொடுங்க என்று நிற்கிறாள்.

"மீட்டர் மேல பழி போடறதுக்கு முன்னால ஒயர மாத்திப் போட்டுப் பாத்தியா கண்ணு? இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். கோளாறு கூடவே வந்தா ஒயரு. அங்கியே நின்னா மீட்டரு."

பத்தொன்பது வருடமாக வருடத்துக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் பீர்க்கங்காய் நறுக்கும்போது அந்தப் பேச்சு திரும்ப ஞாபகம் வந்தது. லூமோவின் காதுக்குழல்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்தான். குக்கர் விசில் வந்துவிட்டது. அப்புறம் துவையல் அரைக்க வேண்டியிருந்தது.

27 ஆகஸ்ட், திங்கள்

மின்னுலா அலுவலகத்தில் பெட்டி மாற்றும் வைபவம். பிரிட்டோவுக்கு முப்பத்தொரு வயது, தாடி, எப்போதும் ஏதாவது ஒரு ஸ்க்ரூ டிரைவர் கையில். நான் உட்கார்ந்ததும் எதிரே இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தான். எப்போதும் அப்படித்தான் செய்கிறான். ஃபேன் காற்று அந்தப் பக்கம் நன்றாக வருகிறது போலிருக்கிறது.

காரவெல் கறுப்பாக, கனமாக, சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது. எஃப்எம் ரேடியோ உண்டு. பொத்தான்கள் நிஜமாகவே அமுங்குகின்றன. அதற்கே ஒரு மதிப்பெண்.

லூமோவில் வாங்கிய பாட்டுகளை இதில் ஏற்றப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. பூட்டுப் போட்டு விற்றிருக்கிறார்கள். சாவி லூமோவிடம் மட்டும்தான். நான் வாங்கிய புடவையை அவர்கள் கடைப் பீரோவில்தான் வைக்க வேண்டுமாம்.

29 ஆகஸ்ட், புதன்

காரவெல் கடையில் எதையும் வாங்கவே முடியாது. எல்லாம் வாடகை. மாதாமாதம் சந்தா கட்டினால் பத்து லட்சம் பாட்டு கேட்கலாம். ஒரு மாதம் கட்டாவிட்டால் பெட்டியில் இருக்கும் அத்தனையும் ஊமையாகிவிடும். வாடகை பாக்கி வைத்தால் வீட்டுச் சொந்தக்காரர் வந்து காலி செய்வதுபோல, பாட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள்.

அதே கச்சேரி இங்கேயும் இருந்தது. கேட்டேன்.

இங்கேயும் வயலினைக் காணோம்.

என் ஊகம்: இரண்டு கம்பெனிகளும் ஒரே மொத்த வியாபாரியிடம் பாட்டு வாங்குகின்றன. அல்லது இடது பக்க ஒயரில் செம்பைக் குறைத்து லாபம் பார்க்கிறார்கள். பெரிய செய்தி இது.

2 செப்டம்பர், ஞாயிறு

பேரூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். டவுன் பஸ்ஸில் எஞ்சின் அலறுகிறது, கண்டக்டர் கத்துகிறார், யார் மடியிலோ சேவல். அந்த இரைச்சலில் அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. பார்த்தீர்களா, வாயைத் திறந்து பேசினால் ஏன் கேட்காது? அவரிடமே சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

5 செப்டம்பர், புதன்

ஆசிரியர் தினம். பெண்கள் ரோஜாப்பூவும் பேனாவும் கொடுத்தார்கள். இடது பக்கம் நின்ற ஒருத்தி ஏதோ கேட்டாள். என்ன டிபன் என்று கேட்கிறாள் என நினைத்து, "ரவா உப்புமா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் எதற்காக ஆசிரியர் ஆனேன் என்று கேட்டிருக்கிறாள்.

6 செப்டம்பர், வியாழன்

துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

8 செப்டம்பர், சனி

கட்டுரையின் என் பங்கை எழுதி அனுப்பிவிட்டேன். தலைப்பு: 'இடது காதுக்கு அநியாயம்!' லூமோ, காரவெல் இரண்டிலும் இடது பக்க ஒலி நோஞ்சான், வாங்குகிறவர்கள் ஏமாற வேண்டாம் என்று நான்கு பக்கம். இன்னும் எந்தப் பத்திரிகையும் கண்டுபிடிக்காதது.

ஆசிரியர் போனில் குதிக்காத குறை. "அட்டையிலேயே போட்டர்லாங்க டீச்சரம்மா! ஆனா கம்பெனிக்காரங்க கேட்டா சொல்லணுமே, நல்லாப் பாத்துட்டீங்கல்ல?"

"ஒன்பது வருசத்துல ஒரு தடவ தப்பா எழுதியிருக்கறனுங்களா?" என்றேன்.

பிரிட்டோவும் பக்கத்தில் இருந்தானாம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

11 செப்டம்பர், செவ்வாய்

அவர் முகம் தொங்கிப்போய் வந்தார். நூலகத்தில் அவர்மேல் புகார். தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வு பெற்ற தாசில்தார் பதிவேட்டிலேயே எழுதிவிட்டாராம்: 'நூலகர் மிகவும் உரக்கப் பேசுகிறார். அமைதி காக்கும்படி அவருக்கு அறிவுறுத்த வேண்டும்.'

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்களா? உரக்கவா?"

அவர் எழுந்து வந்து என் வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கலா, ஒரு வருசமா வீட்டுல கத்திக் கத்திப் பேசி எனக்கு அதே பழக்கமாப் போச்சு. வெளிய போனாலும் குறைக்கத் தெரியல. ஒரு தடவ டாக்டர்கிட்டக் காதக் காட்டிட்டு வந்தர்லாமா?"

"என்ற காதையா?"

"ஆமா."

"ஊரே நம்பற காதுங்க இது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

12 செப்டம்பர், புதன்

காலையில் அவர் கிளம்பிய பிறகு காதுக்குழல்களை இடம் மாற்றிப் போட்டேன். வலதுக்குரியதை இடது காதில். இடதுக்குரியதை வலது காதில்.

வயலின் வந்தது. முழுதாக, இழைய இழைய, வலது காதில்.

வீணையைக் காணோம்.

13 செப்டம்பர், வியாழன்

மதிய இடைவேளையில் லேபைப் பூட்டிக்கொண்டு இசைக்கவைப் பெட்டியைத் திறந்தேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு அதிர்வெண் கவையை எடுத்து ரப்பர் அட்டையில் தட்டி இடது காதருகே பிடித்தேன். ஏறக்குறைய மௌனம். மறுபடி தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன். மண்டைக்குள் மணி அடித்ததுபோல் கேட்டது.

மாணவிகளுக்கு எழுதிக் கொடுப்பதுபோலவே எழுதிவிடுகிறேன். காற்று வழியாக வரும் ஒலி உள்ளே போகவில்லை. எலும்பு வழியாகப் போகிறது. எனவே உள்ளே இருக்கும் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நடுவழியில் ஏதோ அடைத்து நிற்கிறது. லூமோமேல் தப்பில்லை. காரவெல்மேல் தப்பில்லை. கெஸ்டர் என்ற பையன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அரை மணி நேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிய நான்கு பக்கம் அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. அது போய்விட்டால் இரண்டு கம்பெனிமேல் பொய்ப்புகார். போகவில்லையென்றால் கலாமணி டீச்சருக்குக் காது கேட்காது என்று ஊருக்கெல்லாம் தெரியும். மூன்றாவது வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். மணி அடித்து, பெண்கள் கதவைத் தட்டினார்கள். கதவு வலது பக்கம் இருந்ததால் கேட்டது.

14 செப்டம்பர், வெள்ளி

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மின்னுலாவுக்குப் போனேன். மேசைமேல் அட்டைப்பட மாதிரி. சிவப்பில், பெரிதாக: 'இடது காதுக்கு அநியாயம்!'

"இத நிறுத்தோணுமுங்க" என்றேன். "அநியாயம் பண்ணினது கம்பெனிக்காரங்க இல்ல. என்ற காதுதான்."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினார். பிரிட்டோ ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்று அவனைக் கேட்டேன்.

"ஆறு மாசமாத் தெரியும் மேடம். இடது பக்கம் நின்னு பேசினா நீங்க வேற எதுக்கோ பதில் சொல்றீங்க. அதான் இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்கறது."

"அப்பொறம் ஏன்டா சொல்லல?"

"நேத்து ரெண்டு தடவ உங்களுக்குப் போன் போட்டேன் மேடம். நீங்க எடுக்கல. இன்னைக்கு அச்சகத்துக்குப் போறதுக்கு முன்னால எப்பிடியும் சொல்லியிருப்பேன். எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியாம இருந்தேன்." அவன் காதெல்லாம் சிவந்துபோயிற்று.

நான் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஆசிரியர் வாங்கிப் பார்த்தார். தேதி தவறாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். தேதி சரியாகத்தான் இருந்தது.

"அச்சப் புதன்கிழமைக்குத் தள்ளிக்கறேன். எட்டுப் பக்கம் காலியா இருக்குது, டீச்சரம்மா. நீங்களும் தம்பியும் உக்காந்து நெரப்பிக் கொடுங்க. எனக்கு இப்ப பி.பி. மாத்திர போடோணும்."

15 செப்டம்பர், சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இசைக்கவையையும் சொன்னேன். "சரி" என்றார். தேங்காய்ப் பூரணம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "திங்கக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாக்டர்கிட்டப் பேர் பதிஞ்சிருக்குது" என்றார்.

"எப்பப் பதிஞ்சீங்க?"

"போன மாசத்துல இருந்தே வாராவாரம் பதியறேன். வாராவாரம் ரத்து பண்றேன். அந்தக் கம்பவுண்டருக்கு என்ற குரல் மனப்பாடம்."

16 செப்டம்பர், ஞாயிறு

பிரிட்டோ வீட்டுக்கு வந்தான். இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிக் கேட்டோம்; ஒரு தடவைக்கு ஒரு பெட்டி, ஒரு காதுக்குழல். வலது முனை எனக்கு, இடது முனை அவனுக்கு. சோபாவில் ஒரு ஒயரால் கட்டிப்போட்ட இரண்டு பேராக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

"நாலாவது நிமிசத்துல வயலின் மேல ஏறும். பிசிறு அடிக்குதா?"

"பிசிறுன்னா எப்பிடி மேடம்?"

"கரும்பலகையில ஈரச் சாக்பீஸ் மாதிரி."

"லூமோல இல்ல. காரவெல்ல லேசா இருக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், இந்தாளு என்னமா வாசிக்கறாரு" என்றான். அவன் கர்நாடக இசை கேட்பது இதுதான் முதல் தடவையாம்.

நான் கேட்க வேண்டியதைச் சொல்ல, அவன் கேட்டதைச் சொல்ல, நான் எழுதினேன். நடுவில் அவர் காபி கொண்டுவந்தார். எங்களைப் பார்த்து, "தாராபுரம் பஸ்ஸுல சீட்டுக் கெடைச்ச மாதிரி நெருக்கி உக்காந்திருக்கறீங்க" என்றார். மூன்று பேரும் சிரித்ததில் பிரிட்டோவின் காதிலிருந்து குழல் கழன்று காபியில் விழுந்தது. அது காரவெலின் குழல். துடைத்துப் போட்டதும் பாடியது. நல்ல உறுதி என்று குறித்துக்கொண்டோம்.

காரவெலின் அமைப்புகளைக் குடைந்தபோது பதினோராவது பக்கத்தில் ஒரு வசதி அகப்பட்டது: இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து ஒரே காதுக்கு அனுப்பலாம். அழுத்தினேன். வீணையும் வயலினும் என் வலது காதுக்குள் அருகருகே வந்து உட்கார்ந்தன. லூமோவில் தலைகீழாக நின்று தேடினோம், இல்லை.

17 செப்டம்பர், திங்கள்

டாக்டர் ஷெரீபா என்னைவிட இளையவர். இழுப்பறையிலிருந்து அதே ஐந்நூற்றுப் பன்னிரண்டு கவையை எடுத்துத் தன் முழங்கையில் தட்டினார்.

"ரப்பர்ல தட்டினா இன்னும் சுத்தமா வருமுங்க" என்றேன்.

"டீச்சருங்களா?"

"லேப்."

"அதான பாத்தேன்."

காதுக்குள் அரிசி நுனியளவு ஓர் எலும்பு இருக்கிறது. அது அசைந்தால்தான் ஒலி உள்ளே போகும். எனக்கு அது இறுகிப்போய்விட்டது. பெண்களுக்கு அதிகமாக வருமாம். இரைச்சலான இடத்தில் மற்றவர் பேச்சு நன்றாகக் கேட்பதும் இதன் அடையாளம்தானாம். அந்த எலும்பை எடுத்துவிட்டுக் குட்டியாக ஒரு செயற்கைத் தண்டு வைக்கலாம். இல்லையென்றால் காதுக் கருவி.

"அறுவை பெரும்பாலும் நல்லா வந்துரும். ஆனா நூத்துல ஒருத்தருக்கு, இப்பக் கேக்கற கொஞ்சமும் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

வரும் வழியில் அவரிடம், "அந்த ஒருத்தி நானா இருந்தா?" என்று கேட்டேன்.

"இருந்தா நான் இந்தப் பக்கமே நடந்துக்கறேன்" என்றார். என் வலது பக்கம்தான் நடந்துகொண்டிருந்தார்.

18 செப்டம்பர், செவ்வாய்

எட்டுப் பக்கமும் தயார். தீர்ப்பு இதுதான். காதுக்கு லூமோ, பிசிறில்லாத ஒலி. உறுதிக்கும் ரேடியோவுக்கும் காரவெல். கடைகளில், பூட்டிக் கொடுத்தாலும் கொடுத்ததைத் திரும்பக் கேட்காத லூமோ கடை மேல்; ஆனால் பத்துப் புதிய பாட்டைப் பழகிப் பார்க்க நினைப்பவருக்குக் காரவெலின் வாடகையே லாபம். இரண்டு கடைக்காரர்களுக்கும் தமிழ் எந்த அலமாரி என்று யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு காரவெல் வாங்கலாம்.

கடைசி வரியை எழுதிவிட்டு, அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் எழுதினேன். நான்கு தடவை அடித்தேன். ஐந்தாவது தடவை அடிக்கவில்லை. 'இந்தக் கட்டுரையில் ஒலி பற்றிய பகுதியை இருவர் கேட்டோம், ஏனென்றால் எனக்கு இடது காது கேட்பதில்லை' என்று தொடங்குகிறது அது.

கெஸ்டருக்கும் மன்னிப்புக் கடிதம் போயிற்று. இந்த முறை என் பெயரிலேயே.

3 அக்டோபர், புதன்

இதழ் வந்து மூன்று நாள். ஆசிரியர் போனில் படித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறார். திட்டி இரண்டு கடிதம். மற்றவை எல்லாம் காது பற்றியவை. பல்லடத்திலிருந்து தறி ஓட்டுகிற ஒரு பெண், தனக்கும் இடது காதுதான், வீட்டில் யாருக்கும் தெரியாது, இரவல் வாங்கிய காரவெலில் அந்தப் பதினோராவது பக்கத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டு எழுதியிருக்கிறார். வழி எழுதி, டாக்டரின் விலாசத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்; நாளைக்கு எனக்கு அறுவை. பயமாக இருக்கிறது. புளிக்குழம்பு நன்றாக வந்தது.

11 அக்டோபர், வியாழன்

காதிலிருந்து பஞ்சை எடுத்தார்கள். டாக்டர் தட்டில் இடுக்கியைப் போட்டார். துள்ளிவிட்டேன். ஏதோ கண்ணாடிக் கடை சரிந்ததுபோல் இருந்தது.

"என்ன டீச்சர்?"

"இடுக்கிய மெதுவா வைக்கக் கூடாதுங்களா?"

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வராந்தாவுக்குப் போய் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

15 அக்டோபர், திங்கள்

உலகம் இவ்வளவு சத்தமாகவா இருந்தது? மிக்ஸி, குழாய், முருங்கைக்கீரை உருவுவது, என் புடவைக் கொசுவம், அவர் அப்பளம் தின்பது. "கொஞ்சம் மெதுவா மெல்லுங்க" என்றேன். "பழகிட்டனே, என்ன பண்ணச் சொல்ற?" என்று கத்தினார். அவருக்கும் வைத்தியம் தேவைப்படுகிறது. குரலுக்கு.

28 அக்டோபர், ஞாயிறு

இன்னும் ஒரு மாதத்துக்குக் காதுக்குழல் எதுவும் மாட்டக் கூடாது என்று உத்தரவு. இரண்டில் எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். காரவெலை அந்தப் பல்லடத்துப் பெண்ணுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். லூமோவைப் பிரிட்டோ எடுத்துக்கொண்டான். இப்போது தினம் ஒரு ராகத்தின் பெயர் கேட்டு எனக்குப் போன் செய்கிறான்.

பாட்டில்லாத ஞாயிறு மதியம். ஹாலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சும்மா கண்ணை மூடிப் பார்த்தேன். வலது பக்கம், சமையலறையில் குழாய் சொட்டுகிறது. பின்னால் காலண்டர் தாள் காற்றில் அடித்துக்கொள்கிறது. இடது பக்கம், கொஞ்சம் உயரத்தில், செருப்பில்லாத காலடி. அவர் மாடியிலிருந்து இறங்கி வருகிறார். பாதிப் படியில் நின்றார். திரும்பி மேலே ஏறுகிறார். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார் போலிருக்கிறது.

"கண்ணாடி பூஜை அலமாரி மேல இருக்குதுங்க" என்று குரல் கொடுத்தேன்.

காலடி நின்றது.

"நான் எங்க இருக்கறேன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று படியிலிருந்து கேட்டார். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.